பூவுக்கும் பழத்துக்கும் நடுவே

ஒரு பெற்றோரின் கேள்வி இது. வீட்டில் 7 வயதில் ஒரு மகள், 4 வயதில் ஒரு மகன். பழம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சின்னவன் ஃபிரிட்ஜைக் காட்டுகிறான். சாப்பாடு மண்ணில் விளைவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று தின்ற பழத்தின் விதையை இரண்டு முறை ஊன்றிப் பார்த்திருக்கிறார்கள். முளை வந்த அன்று ஒரே கொண்டாட்டம். பத்தாம் நாள் தொட்டிப் பக்கம் யாரும் போகவில்லை. இருப்பது வெயில் விழும் ஒரு பால்கனி. எந்தப் பழத்தை வளர்ப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நான் 15 வருடங்களாகச் சின்னக் குழந்தைகளோடு தோட்ட வேலை செய்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு என்று நினைக்காதீர்கள். விதை ஊன்றுகிற நாளையும் பழம் பறிக்கிற நாளையும் நாம் குழந்தைக்குக் கொடுக்கிறோம். நடுவில் உள்ள நாட்களைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் உணவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை அந்த நடுவில்தான் இருக்கிறது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், பூ வாடி அதன் அடியில் பிஞ்சு திரள்கிற அந்த ஒரு வாரத்தில். விதையிலிருந்து செடி வரும் என்பது படப் புத்தகம் பார்த்த எல்லாக் குழந்தைக்கும் தெரியும். பூதான் பழமாகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்த குழந்தைகள் குறைவு. பெரியவர்களிலும் குறைவுதான்.

இதில் தமிழ் நமக்குப் பெரிய துணை. அரும்பு, மொட்டு, பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னையிலும் பனையிலும் குரும்பை. இவ்வளவு பெயர் வைத்தவர்கள் மரத்தடியில் நின்று நாள்கணக்காகப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். குழந்தைக்கு இந்தச் சொற்களைப் பாடமாக நடத்த வேண்டாம். செடி அந்த நிலைக்கு வரும்போது அந்தச் சொல்லைச் சொன்னால் போதும். "இன்னைக்கு மொட்டு" என்று சொல்லிப் பழகிய குழந்தை, மறுநாள் காலையில் தானே ஓடிப்போய்ப் பார்க்கும்.

சரி, எந்தச் செடி? தின்ற பழத்தின் விதையை ஊன்றுவதில் உள்ள சிக்கல் காலம்தான். ஆப்பிளோ மாவோ விதையிலிருந்து வந்தால் காய்க்கப் பல வருடங்கள் ஆகும். அப்படிக் காய்த்தாலும் நீங்கள் தின்ற அதே பழம் பெரும்பாலும் கிடைக்காது, ஆப்பிளில் ஒவ்வொரு விதையும் ஒரு புது ரகம். அதனால்தான் நர்சரிகளில் ஒட்டுக் கன்று கட்டுகிறார்கள். நாலு வயதுக் குழந்தையிடம் "இதில் பழம் வரும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் படிப்பு முடியும் வரை காக்க வைப்பது நியாயமில்லை. முளைப்பதைப் பார்ப்பதற்காக ஊன்றலாம். அப்படித்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஊன்றுங்கள்.

பால்கனிக்கு நான் சொல்வது வெள்ளரி, சின்னத் தக்காளி, ஸ்ட்ராபெர்ரி மூன்றும்தான். வெள்ளரியும் தக்காளியும் பழமா என்று மகள் கேட்பாள், கேட்கட்டும். பூவில் விதை உருவாகிற பகுதியான சூலகம் பருத்து விதையைச் சுமந்தால் அது கனி. சமையலறையில் அதை எந்தக் கூடையில் வைக்கிறோம் என்பது வேறு விஷயம். இந்த மூன்றிலும் முதலில் வெள்ளரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான பருவத்தில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஒன்றரை மாதத்துக்குள் பூ வரும். பெண் பூ விரிந்த 8 முதல் 12 நாளில் காயைப் பறிக்கலாம். சின்னக் குழந்தையின் பொறுமைக்குள் அடங்குகிற காலம் இது. 20 லிட்டர் தொட்டி, நன்றாக மட்கிய எரு கலந்த மண், ஒரு நாளில் 6 மணி நேர வெயில், கொடி ஏற ஒரு கயிறு. இவ்வளவுதான் தேவை. விதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்களும் விற்கிறார்கள். விளைச்சலுக்கு அவை நல்லவைதான், நம் வேலைக்கு ஆகாது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கிற பழைய ரகமே வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளரியில் முதலில் ஆண் பூக்கள் வரும். ஒரு வாரம், பத்து நாள் கூடப் பூத்து உதிர்ந்துகொண்டே இருக்கும். செடிக்கு ஏதோ நோய் என்று பலர் பயந்துவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள், பூவுக்குக் கீழே சுண்டுவிரல் நுனி அளவில் முள்முள்ளாக ஒரு குட்டி வெள்ளரியோடு ஒரு மொட்டு தெரியும். அதுதான் பெண் பூ. இரண்டையும் குழந்தையின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒன்றில் வெறும் காம்பு, மற்றொன்றில் காம்பின் இடத்தில் குட்டிக் காய். சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூ விரிகிற அன்று காலையில் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் நிற மகரந்தத் தூள் பெண் பூவின் நடுவில் படும்படி மெதுவாகத் தடவ வேண்டும். விரல் நடுங்குகிற குழந்தைக்கு ஒரு மெல்லிய ஓவியத் தூரிகை கொடுங்கள். இந்த வேலையைத் தேனீ செய்கிறது, இன்று நீ தேனீ என்று சொன்னால் போதும். பூ அந்த ஒரு நாள்தான் விரிந்திருக்கும், அதனால் தள்ளிப்போட முடியாது. அடுத்த நாள் விரியப் போகிற பெண் மொட்டு இன்னொன்று இருந்தால், அதை முந்தின மாலையே மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். அதைத் தொடவே கூடாது. இரண்டிலும் வண்ண நூல் கட்டி, குழந்தையைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மூன்று, நான்கு நாளில் தொட்ட பூவின் பிஞ்சு இருமடங்காகிவிடும். மூடி வைத்த பூவின் பிஞ்சு நுனியில் மஞ்சளாகி, சுருங்கி, ஒரு தட்டுத் தட்டினால் கையில் வந்துவிடும். ஒரு முறை 5 வயதுப் பெண் குழந்தை ஒருத்தி அந்தச் சுருங்கிய பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, "இதுக்கு மட்டும் யாருமே வரலையா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் ஒரு வண்டைக் கூட யாரையும் விரட்ட விடமாட்டாள். நான் பத்து நாள் பேசியிருந்தாலும் இதை அவளுக்குப் புரியவைத்திருக்க முடியாது.

அதன் பிறகு காய் வளர்கிற வேகம் குழந்தையைத் தானே இழுத்துக்கொள்ளும். தினமும் காலையில் காய்க்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டையைப் பிடித்து, காயின் நீளத்துக்கு வெட்டி, சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். எண் எழுதத் தெரியாத குழந்தைக்கும் அந்தப் படிக்கட்டு புரியும். நல்ல வெயில் அடித்துத் தண்ணீரும் ஊற்றிய நாட்களில் ஒரே இரவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கும். தண்ணீர் விட மறந்த நாளுக்கு அடுத்த பட்டை ஏறக்குறைய அதே நீளத்தில் நிற்கலாம். இதைச் சுட்டிக்காட்டித் திட்ட வேண்டாம், பட்டையே சொல்லும். வெள்ளரிக்காய் 100 கிராமில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர்தான். ஸ்ட்ராபெர்ரியில் 90 கிராமுக்குச் சற்று மேல். குழந்தை பூவாளியில் சுமந்து வந்து ஊற்றியது காய்க்குள் போயிருக்கிறது என்பது வெறும் பேச்சு இல்லை. காயை நறுக்கியதும் கத்தியில் வழிகிற நீரைக் காட்டி, இது யார் ஊற்றியது என்று கேட்டுப் பாருங்கள்.

தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் வேறு மாதிரி. தக்காளிப் பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாக இருப்பதால், கொத்தை விரலால் மெல்லச் சுண்டி அதிரவிட்டாலே மகரந்தம் உதிர்ந்து சேர்ந்துவிடும். இயற்கையில் காற்றும் சில பெரிய வண்டுத்தேனீக்களும் அந்த அதிர்வைக் கொடுக்கின்றன. ஸ்ட்ராபெர்ரியை ஒரு பூதக்கண்ணாடியோடு பாருங்கள். மேலே பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பதை விதை என்கிறோம், தாவரவியல் கணக்கில் அந்த ஒவ்வொரு பொட்டும்தான் தனிக் கனி. நாம் தின்கிற சிவப்புச் சதை பூவைத் தாங்கியிருந்த மேடை. மகரந்தம் சேர்ந்த பொட்டைச் சுற்றித்தான் சதை பருக்கும். சேராத இடத்தில் குழியும். கோணல்மாணலாக வந்த பழத்தைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்து, எந்தப் பக்கம் தேனீ வரவில்லை என்று தேடச் சொல்லுங்கள். கோணல் பழத்தைக் கடையில் ஒதுக்கும் பழக்கமும் இதில் மாறும்.

பூவைத் தொட்டுப் பழம் ஆக்குவது குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். வனிலா என்பது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். அதன் பிறப்பிடம் மெக்சிகோ. மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அந்தப் பூவுக்கு வந்து பழகிய பூச்சிகள் அங்கே இல்லை. 1841இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியையும் கட்டைவிரலையும் வைத்துப் பூவுக்குள் மகரந்தத்தைச் சேர்க்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். இன்றும் வனிலாத் தோட்டங்களில் பூ பூவாகக் கையால் செய்வது அந்த வேலையைத்தான். 1848இல் அவனுக்கு விடுதலை கிடைத்தது, ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் பணம் அவன் கைக்கு வரவில்லை. 1880இல் வறுமையில் இறந்தான். உங்கள் மகளுக்கு 7 வயது, இந்தக் கதையைச் சொல்லலாம். உணவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குள் யார் கையிலிருந்து வருகிறது என்பதும் இருக்கிறது. தன் கையால் ஒரு பூவைத் தொட்ட பிறகு சொன்னால் அந்தக் கதை அவளுக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

இரண்டு பிள்ளைகள் என்பதால் ஒரு விஷயம். 1840இல் கிண்டர்கார்டன் என்ற பெயரை உருவாக்கிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல், பள்ளித் தோட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு பாத்தியும் எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகளும் வேண்டும் என்று திட்டமிட்டார். அது நல்ல யோசனை. ஆளுக்கொரு தொட்டி, இருவருக்கும் சேர்த்து ஒன்று. தனித் தொட்டியில் என்ன நடந்தாலும் அதற்கு அந்தக் குழந்தையே பொறுப்பு. பொதுத் தொட்டியில் அக்கா மறந்தால் தம்பி ஊற்றலாம். நாலு வயதுக்காரனுக்குச் சின்னப் பூவாளி வாங்கிக் கொடுங்கள், வாளியும் குவளையும் கொடுத்தால் மண் எல்லாம் வெளியே வந்துவிடும்.

செடி செத்துப்போகலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் தவறு செய்திருக்கிறேன். ஒரு குழந்தையின் தக்காளிச் செடி வேர் அழுகிப் போயிற்று. அவன் அழுவானே என்று, அவன் வருவதற்கு முன்பே அதே அளவில் வேறு செடியை வைத்துவிட்டேன். அவன் வந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "இது என்னோடது இல்லை. என் செடியில கீழே ஒரு இலை ஓட்டையா இருக்கும்" என்றான். அந்த ஓட்டை இலையை அவன் தினமும் பார்த்திருக்கிறான். நான் பார்க்கவே இல்லை. அவனிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இருவருமாகச் செத்த செடியைப் பிடுங்கி, பழுப்பேறிக் குழைந்த வேரைப் பார்த்தோம். தண்ணீர் அதிகமானாலும் வேருக்கு மூச்சு முட்டும் என்பதை அவன் அப்படித்தான் தெரிந்துகொண்டான். அதற்குப் பின் நான் எந்தச் செடியையும் மாற்றி வைத்ததில்லை. உழவர்களுக்கும் இப்படி நேர்கிறது, அவர்களுக்கு அது ஒரு தொட்டி இல்லை, முழு வயல் என்று சொன்னால் குழந்தைக்கு உறைக்கிறது.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்துத் தட்டையாகிப் போவதும் அடிக்கடி வரும். பூச்சியோ கிருமியோ இல்லை. நாலு நாள் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாக ஊற்றினால், வளர்கிற காயின் அடி வரைக்கும் சுண்ணாம்புச் சத்து சீராகப் போய்ச் சேராது. தண்ணீரை ஒழுங்காக ஊற்றினால் அடுத்த கொத்து நன்றாக வரும். குழந்தையே சரிசெய்யக் கூடிய தவறு இது. அதனால் எனக்கு இதைப் பார்த்தால் கவலை வருவதில்லை.

பறவைகள் கொத்திப் போகும். ஒரு செடிக்கு வலை போடுங்கள், ஒரு செடியை அப்படியே விடுங்கள். பழம் சிவப்பாவதும் மணப்பதும் நமக்காக மட்டும் இல்லை. தின்றவர்கள் விதையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்பதற்காகச் செடி கொடுக்கிற கூலி அது. பாதி கொத்திய தக்காளியைப் பார்த்து முதலில் கோபப்படுவார்கள், பிறகு கொத்தினது யார் என்று காலையில் ஒளிந்திருந்து பார்ப்பார்கள்.

வளர்த்த பழத்தை உங்கள் மகன் தின்னாமல் போகலாம். வற்புறுத்த வேண்டாம். ஒரு புதுச் சுவையைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறைக்கு மேல் கூட ஆகும். முகர்வதும் நக்கிப் பார்ப்பதும் அதில் சேர்ந்ததுதான். நான் பார்த்த ஒரு பையன் தன் செடியில் வந்த முதல் மூன்று தக்காளியையும் மற்றவர்களுக்கே நறுக்கிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவதைச் செடிக்குப் பின்னால் நின்று தனியாகத் தின்றான்.

ஒரு செடியிலிருந்து கிடைப்பது கொஞ்சம்தான். அதை மறைக்காதீர்கள். மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்து ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெர்ரி கூடத் தேறவில்லை என்றால், சந்தையில் குவித்து வைத்திருக்கிற பழத்துக்குப் பின்னால் எத்தனை செடி, எத்தனை கை என்று மகளைக் கணக்குப் போடச் சொல்லலாம். அங்கிருந்து மற்ற உணவுகளுக்கும் போகலாம். கோதுமை மணியும் தாவரவியலில் ஒரு கனிதான். மக்காச்சோளக் கதிரின் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரே ஒரு மணிக்குப் போகிறது. நூலில் மகரந்தம் விழாவிட்டால் அந்த இடம் பொக்கையாகிவிடும். வெள்ளரியில் பார்த்த அதே கதை. வாழைப்பழத்தில் விதை எங்கே என்று சின்னவன் கேட்டால், நடுவில் உள்ள கறுப்புப் புள்ளிகளைக் காட்டுங்கள். முற்றாமல் நின்றுபோன விதைகள் அவை. வாழை அடியில் வரும் பக்கக்கன்றிலிருந்துதான் அடுத்த வாழை.

பாதுகாப்புக்குச் சில வார்த்தை. இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள், அவற்றைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. சின்னத் தக்காளியை 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு முழுதாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தக்காளியின் இலையும் தண்டும் தின்பதற்கு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மண் வேலை முடிந்தால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பழைய சுவரின் பெயின்ட் உதிர்ந்த மண்ணைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம்.

கடைசியாக, வெள்ளரிக் கொடியில் ஒரே ஒரு காயை மட்டும் பறிக்காமல் விட்டுவிடுங்கள். எது என்று பிள்ளைகளே தேர்ந்தெடுத்துச் சிவப்பு நூல் கட்டட்டும். நாம் தின்பது வெள்ளரிக்காய். அதற்குள் இருக்கிற விதை வெள்ளையாக, மெத்தென்று, முளைக்காத பருவத்தில் இருக்கும். விட்ட காய் இன்னும் பல வாரம் கொடியிலேயே கிடந்து, பெருத்து, மஞ்சளேறி வெள்ளரிப்பழம் ஆகும். பறித்து இரண்டாகப் பிளந்து, கரண்டியால் விதையைச் சுரண்டி ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். கொழகொழப்பு விட்டுப்போகும். முற்றிய விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். கழுவி, நிழலில் காயவைத்து, ஒரு காகித உறையில் போட்டு, மேலே செடியின் பெயரையும் தேதியையும் மகள் கையால் எழுதச் சொல்லுங்கள். ஈரம் படாமல் வைத்தால் சில வருடம் முளைக்கும். கலப்பின விதை வாங்கியிருந்தால் அடுத்த தலைமுறைக் காய் கொஞ்சம் மாறி வரலாம், அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். உறையைச் சின்னவன் எங்கே வைக்கச் சொல்கிறானோ அங்கே வையுங்கள். ஃபிரிட்ஜில்தான் என்றாலும் பரவாயில்லை, விதைக்கு அது நல்ல இடம்தான்.